பீமுக்குள் கிடந்தது

மேல்மாடி கட்டுவதற்கு முன், பழைய பீம் பாரம் தாங்குமா என்று பார்க்க வந்திருந்தாள் பொறியியலாளர் பிரசாந்தி. ஏணியில் ஏறி, கொங்கிறீற்றை ஓரிடத்தில் உடைத்தாள். உள்ளே கம்பி இல்லை, தண்டவாளம் கிடந்தது. துருவைச் சுரண்டினாள். துருவுக்கு அடியில் நீலப் பெயின்ற் தெரிந்தது.

இறங்கி வந்தாள். "ஐயா, பீமுக்குள்ளை றெயில் தண்டவாளமெல்லோ கிடக்கு?"

வீட்டுக்காரர் சந்தியோகு சிரித்தார்.

"சண்டைக் காலத்திலை கம்பி எங்கை பிள்ளை கிடைச்சது? நான் கடலுக்குப் போன நேரம் மேசன் மலிவா வாங்கி, வைச்சுப் பூசிப்போட்டான். ஆற்றையோ பதுங்குற பங்கர்க் கூரையிலை உருவினதாக்கும். நான் கேக்கேல்லை."

சுவரில், மெழுகுதிரிக்கு மேலே ஒரு பையனின் படம் இருந்தது.

"இது ஆர் ஐயா?"

"என்ரை மூத்தவன். செல்லடிக்குப் பயந்து மாதா கோயில் பங்கருக்குள்ளை ஓடினவன். பங்கர் இடிஞ்சு விழுந்திட்டுது. மேலை போட்டிருந்த தண்டவாளத்தை ஆரோ களவெடுத்துப்போட்டு, தெரியாமல் இருக்கத் தென்னங்குத்தியை வைச்சு மண்ணாலை மூடியிருக்கிறாங்கள். எடுத்தவனும் நாசமாப் போவான், வாங்கினவனும் நாசமாப் போவான்!"

பிரசாந்தி நிமிர்ந்து பீமைப் பார்த்தாள்.

"உப்புக்காத்துக்குக் கறள் பிடிக்கக் கூடாதெண்டு, என்ரை வள்ளத்துக்கு அடிச்ச நீலப் பெயின்றை நான்தான் அந்தப் பங்கர்த் தண்டவாளத்துக்கும் பூசினனான்."

அவள் அவசரமாக ஏணியை மடக்கப் போனாள்.

"பொறு பிள்ளை." சந்தியோகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். "நானும் ஒருக்காப் பாப்பம்."