நடுத்தூண்

மேசைத் தலைமாட்டில் தலைமைப் பொறியாளர் சபாபதி. வலப்பக்கம் ஒப்பந்தக்காரர் இருவர். இடப்பக்கம் இளம் பொறியாளர்கள் மூவர். கதவோரம், கூட்டக் குறிப்பு எழுத, கட்டப்போகும் பாலத்துக்கே கணக்குப் போட்ட பொறியாளர் மரகதவல்லி.

"சார், நடுத்தூண் இந்தப் பாரத்தைத் தாங்காது. நாலு தடவை போட்டுப் பாத்துட்டேன்."

"கோர்வையா எழுதுவீங்கன்னுதாம்மா உங்களை உக்கார வச்சிருக்கு. கணக்கை நம்ம பசங்க பாத்துக்குவாங்க" என்றார் சபாபதி.

"பாத்தாச்சு சார்" என்றான் பசங்களில் ஒருவன், அவள் கொடுத்த தாளைப் புரட்டாமலே.

பதினோரு வருஷமாக இதே நாற்காலி, இதே பாராட்டு. மரகதவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு, தன் கணக்கையும் அவர்கள் சொன்ன பதிலையும் வரி பிசகாமல் எழுதி நீட்டினாள். சபாபதி வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்திட்டார். அந்தக் குறிப்பைத் தலைமை அலுவலக முகவரி எழுதிய உறையில் வைத்து ஒட்டி, மதியமே பதிவுத் தபாலில் சேர்த்தாள்.