கொல்லைக்குள் ஒரு கரை

வெயில் சாய்கிறது. மண்ணடுக்கைப் பார்க்கக் கொல்லையில் வெட்டிய ஆளுயரக் குழிக்குள், ஆராய்ச்சிக்காரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். குழிச்சுவரின் பழுப்பு மணலுக்கு நடுவே விரற்கடை அகலத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. எல்லாம் நொறுங்கிய கிளிஞ்சல். கடலோ இங்கிருந்து கண்ணுக்கெட்டாத தூரம். மேலிருந்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிறாள். “என்னம்மா அது?” “பழைய கடற்கரை அக்கா. ஒரு காலத்துல கடல் இதுவரைக்கும் வந்திருக்கு.” “திரும்பி வருமா?” பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை ஆராய்ச்சிக்காரிக்கு. “கடல் ஏறிக்கிட்டுதான் இருக்குக்கா.” வீட்டுக்காரி தன் பூசாத புதுச்சுவரைத் திரும்பிப் பார்க்கிறாள். “வரட்டும். குழாயில தண்ணி வந்துதான் எத்தனை நாளாச்சு” என்கிறாள், சிரிக்கவில்லை. பிறகு குனிந்து கையை நீட்டுகிறாள். “மேல ஏறி வா. மண்ணு சரிஞ்சுடப் போகுது.” அந்தக் கையைப் பற்றிக்கொண்டு, வெள்ளைக் கோட்டில் கால் படாமல் ஆராய்ச்சிக்காரி மேலே ஏறுகிறாள்.