எந்த ஒயர், மாப்பிள்ளை?

கண்ணைக் கட்டிய துண்டு இறுக்கமாக இருந்தது. கதவு உள்பக்கம் தாழிடப்பட்டிருந்தது, ஜன்னல்களைக் கம்பளி போட்டு மூடியாயிற்று. நாற்காலியில் அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

“உண்மையைச் சொல்லிடுங்க. முதல்லயா, ரெண்டாவதா?”

“இன்னொரு தடவை...” என்று இழுத்தான் அவன்.

“எத்தனை தடவை வேணும்னாலும் போடறேன் மாப்பிள்ளை. அவசரமே இல்லை. ராத்திரிச் சாப்பாடும் உங்களுக்கு இங்கேதான்.”

கேட்டவர் அவனுடைய மாமனார். விஷயம் கொலையும் இல்லை, கொள்ளையும் இல்லை. ஆம்ப்ளிஃபையருக்குக் கரண்ட் கொண்டுபோகிற கேபிள்கள் இரண்டில் எதைப் போட்டால் பாட்டு நன்றாகக் கேட்கிறது என்று அவன் சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்தால் காது பொய் சொல்லிவிடுமாம், அதற்குத்தான் துண்டு.

எல்லாம் அவன் வாயால் வந்த வினை. கல்யாணத்துக்கு முன்பு முதன்முதலாக இந்த வீட்டுக்கு வந்த அன்று, பேச ஒன்றும் கிடைக்காமல் கூடமே உம்மென்று இருந்தது. மூலையில் துணி போர்த்தி, மேலே பூ ஜாடி வைத்திருந்த பாட்டு செட்டைப் பார்த்து, “செட் அருமை மாமா. ஒயர் மட்டும் கொஞ்சம் நல்லதாப் போட்டா எங்கேயோ போயிடும்” என்று சொல்லிவைத்தான். யாரோ எங்கோ பேசியது காதில் விழுந்திருந்தது, அவ்வளவுதான் அவனுடைய இசை ஞானம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே புது ஸ்பீக்கர் ஒயர் வந்துவிட்டது. அப்புறம் வெள்ளி முலாம் பூசினது, பின்னல் போட்டது, கட்டைவிரல் தடிமனில் ஒன்று என்று வரிசையாக வந்தன. ஸ்பீக்கர் ஒயர்கள் தீர்ந்து இப்போது பவர் கேபிளுக்கு வந்திருந்தார்கள்.

மரியாதைக்கு மட்டும் குறைவே இல்லை. இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் நடுவில் இருக்கிற நாற்காலி மாப்பிள்ளைக்கு என்றே ஆகிவிட்டது. மாமனார் ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை. செட் இருக்கிற அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவனோ நூற்பாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். வாரமெல்லாம் மெஷின் இரைச்சலில் வேகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டியது ஒரு நல்ல தூக்கம். ஒயருக்கு ஒயர் உள்ள வித்தியாசமெல்லாம் அவனைப் பொறுத்தவரை கழுதைக்குக் கற்பூர வாசனைதான். நாலு வாக்கியத்தை மனப்பாடம் செய்துவைத்து, மாற்றி மாற்றிச் சொல்லி இத்தனை நாள் ஓட்டிவிட்டான்.

“இன்னிக்கு உண்மையைச் சொல்லிடப் போறேன்” என்று காலையில் மனைவியிடம் சொல்லியிருந்தான்.

“தாராளமாச் சொல்லுங்க. ஆனா எங்கப்பா மனசு மட்டும் நோகக் கூடாது” என்றாள் அவள். பாம்பும் சாக வேண்டும், கம்பும் உடையக் கூடாது என்றால் மனுஷன் என்ன செய்வான்?

இந்தத் தடவை மனப்பாடமும் கைகொடுக்காது. வெளியே எலெக்ட்ரீஷியன் சுத்தியலும் உளியுமாகக் காத்திருந்தார். தடித்த கேபிள்தான் நல்லது என்று அவன் சொல்லிவிட்டால், மீட்டர் பெட்டியிலிருந்து தனி லைன் இழுக்கச் சுவரை உடைப்பார்கள். சுவரை உடைத்து இந்த அறையைத் தயார் செய்துவிட்டால், ஆயுளுக்கும் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. முதலில் போட்டது தடித்ததா, சாதாவா? கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

“சொல்லுங்க மாப்பிள்ளை.”

“ரெண்டாவதுதான் மாமா” என்று வாய் தானாகச் சொன்னது. “குரல் அப்படியே முன்னாடி வந்து நிக்குது.”

மாமனாரிடமிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது. ஆனந்தம் போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

“தடியனைத்தான் பிடிச்சிருக்கீங்க. அப்போ சுவரை உடைச்சுட வேண்டியதுதான்” என்றார் அவர். “துண்டை அவுத்துடாதீங்க, ஆளுக்கு இடத்தைக் காட்டிட்டு வந்துடறேன். இன்னும் ஒரு கேபிள் பாக்கி இருக்கு.”

தாழ் திறந்தது. கொஞ்ச நேரத்தில் சுவரில் முதல் அடி விழுந்தது. அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. வெட்கத்தைப் பார்த்தால் வாழ்க்கை போய்விடும், வருவது வரட்டும், அவர் திரும்பி வந்ததும் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு செய்தான்.

காலடி கேட்டது. பக்கத்தில் வந்து நின்றது.

“மாமா, ஒரு உண்மையைச் சொல்லணும்...”

“நான்தான் மாப்பிள்ளை” என்றது மாமியாரின் குரல், மிக மெதுவாக. “அவர் வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் சொன்னேன்னு அவருக்கும் தெரிய வேண்டாம், உங்க வீட்டுக்காரிக்கும் தெரிய வேண்டாம்.”

“சொல்லுங்க அத்தை.”

“அவருக்குப் பாட்டுன்னாலே தலைவலி. நீங்க ஆசைப்பட்டுக் கேட்டீங்களே, மாப்பிள்ளை மனசு கோணக் கூடாதேன்னுதான் இவ்வளவும். நீங்க எப்போ போதும்னு சொல்லுவீங்கன்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உங்க மூஞ்சியையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு.”

சுவரில் இன்னொரு அடி விழுந்தது. மாமியார் இன்னும் கிட்டே குனிந்தார்.

“உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அவரை விட்டுடுங்க மாப்பிள்ளை.”