ஊசிக்கு என்ன காரணம்?

"டாக்டரம்மா, மாத்திரைய நிறுத்திட்டு மாசாமாசம் போடுற ஊசிய எனக்குப் போட்டுவிடுங்க. இவ தொல்லை தாங்க முடியல!"

மனைவி முத்துமீனாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அழகுபாண்டி இப்படிப் போட்டு உடைத்ததும், மனநல டாக்டர் சுபலட்சுமிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்படி என்ன தொல்லை?"

"பொழுது சாஞ்சதும் மாத்திரையோட அவனியாபுரம் ஆட்டோ ஸ்டாண்டுக்கே வந்துருவா. முழுங்குவேன். வாயத் திறங்கம்பா. நாக்கத் தூக்குங்கம்பா. செல்போன்ல டார்ச் அடிச்சு வேற பாப்பா! நேத்து என் ஷேர் ஆட்டோவுல உக்காந்திருந்தவக அம்புட்டுப் பேரும், 'யக்கா, முழுங்கிட்டாரு! நாங்க சாட்சி! வண்டிய எடுக்கச் சொல்லுங்க'ன்னு கத்துறாக!"

டாக்டர் சிரிப்பை அடக்க, குனிந்து மேசைக்கு அடியில் எதையோ தேடினார்.

முத்துமீனா பொங்கிவிட்டாள்.

"பாக்காம? குணமாயிருச்சுன்னு மாத்திரைய நிறுத்திட்டு, காதுல யாரோ கூப்புடுறாகன்னு சவாரியோட மேலூர் வரைக்கும் ஓட்டிட்டுப் போனது யாரு? அன்னையிலருந்து ஒருநா தப்ப விட்டுருப்பேனா? தங்கச்சி பிள்ள பெத்ததுக்குக்கூட காலைல கல்லுப்பட்டி ஆத்தா வீட்டுக்குப் போயிட்டு சாயங்கால மாத்திரைக்கு பஸ்ஸேறி வந்துட்டேன். இப்ப நான் தொல்லையாயிட்டேனா?"

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அழகுபாண்டியோ விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன மனுஷனோ!

அந்த ஊசியை டாக்டர் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறார். மாத்திரையை மறப்பவருக்கு, கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்துத் துப்புபவருக்கு, அடிக்கடி நோய் திரும்புபவருக்கு. பெண்டாட்டியிடமிருந்து தப்பிக்க மட்டும் இதுவரை எழுதியதில்லை. ஆனாலும் நல்ல மருந்தை வலிய வந்து கேட்பவனுக்கு எப்படி இல்லை என்பது?

"முத்துமீனா, இவர் சாப்பிடுற மருந்தே ஊசியாவும் இருக்கு. இன்னைக்கு ஒண்ணு, அடுத்த வாரம் ஒண்ணு, அப்புறம் மாசம் ஒருதடவை. நாக்கைத் தூக்கிப் பாக்குற வேலையே இல்லை. என்ன சொல்றீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? அவருக்கே நான் வேணாம்னு ஆயிருச்சு. போடுங்க! நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போறேன்!"

கோபத்திலும் கடமை தவறவில்லை மகராசி. நர்ஸ் அவன் தோளில் ஊசியை ஏற்றி முடிக்கும்வரை கண்கொட்டாமல் நின்று பார்த்தாள். "முழுசா எறங்கிருச்சா?" என்று நர்ஸிடம் கேட்டும் கொண்டாள். அதற்குப் பிறகுதான் கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனாள்.

டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களை ஆளாக்கி நிறுத்தினவங்க அவங்க. இப்படியா அழவைப்பீங்க? ஓடிப்போய்க் கூப்பிடுங்க!"

அழகுபாண்டி ஓடினான். வாசலுக்கு இல்லை, திருமங்கலம் ரோட்டைப் பார்த்த ஜன்னலுக்கு. நுனிக்காலில் நின்று எட்டிப் பார்த்தவன், திடீரென்று கைதட்டிக் குதித்தான்.

"ஏறிட்டா! கல்லுப்பட்டி பஸ்ஸுல ஏறிட்டா டாக்டரம்மா!"

"அதுக்கு எதுக்கு இவ்வளவு சந்தோஷம்?"

"பின்ன? ரெண்டு நா தங்கச்சி பிள்ளையக் கொஞ்சிட்டு வா தாயின்னு எம்புட்டோ கெஞ்சிப் பாத்துட்டேன். ஒங்கள விட்டுட்டு எப்பிடின்னு அசைய மாட்டேங்குறா. பெறகு என்ன செய்ய?"

சிரித்துக்கொண்டே இருந்தவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊசி போட்ட தோளால் அதைத் துடைத்துக்கொண்டான்.

"ஊரு உலகத்துல பொம்பளைக புருசனோட சண்டை போட்டா ஆத்தா வீட்டுல போயி உக்காந்துக்கிறாக. நாலு வருசமா என் பொண்டாட்டிக்குக் கோவிச்சுக்கிட்டுப் போகக்கூட லீவு கெடைக்கல டாக்டரம்மா!"