மாப்பிள்ளை வரும் வரை

மூன்றாவது முறையாக அதே யாழ் வடிவப் பாலத்தைக் கார் கடந்தபோது, ஓர்லா மணப்பெண் முக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டாள்.

டப்ளினில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதன் அர்த்தம் தெரியும். மாப்பிள்ளை மாதா கோயிலுக்குள் போய் நிற்கும்வரை மணப்பெண்ணின் கார் அந்தத் தெருப்பக்கமே வராது. ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

காரை ஓட்டிய மாலக்கி, அவள் அப்பாவின் பால்ய சிநேகிதர். மற்ற நாட்களில் இதே வெள்ளைக் காரில் வெளியூர்க்காரர்களுக்கு நகரத்தைச் சுற்றிக் காட்டுபவர். இன்றும் வாய் சும்மா இருக்கவில்லை.

"வலது பக்கம் பாரும்மா, கோட்டை. எழுநூறு வருஷம் இங்கிலீஷ்காரன் எழுந்திருக்கவே மாட்டேன்னு உட்கார்ந்திருந்தான். உங்கப்பன் பார்ல உட்கார்ற மாதிரி."

"ரோட்டைப் பார்த்து ஓட்டுடா," என்றார் ஓர்லாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா டெக்லன்.

மாலக்கியின் போன் அடித்தது. ஓரமாக நிறுத்திக் காதில் வைத்தார்.

"இன்னும் இல்லையா? சரி."

திரும்பி அப்பாவைப் பார்த்து, அவளுக்குத் தெரியாதபடி இல்லை என்று தலையசைத்தார். ஓர்லாவுக்குத் தெரிந்தது.

"கடற்கரை ரோட்டுல இன்னொரு சுத்து போ," என்றார் அப்பா.

வியாழக்கிழமை மாப்பிள்ளை டோனலோடு பெரிய சண்டை. 'இந்த விஷயத்துல நீ தலையிட்டா, கல்யாணமே வேணாம்' என்று அவள்தான் சொன்னாள். மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் போனில் பேசினான். அந்தப் பேச்சைத்தான் இப்போது திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தாள்.

கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அப்பா ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

"போதும்ப்பா. அவன் வரமாட்டான். வீட்டுக்கே போயிடலாம்."

"எவன்?"

"டோனல்."

அப்பா உண்மையிலேயே புரியாமல் விழித்தார்.

"டோனலா? அவன் காலையிலேயே வந்து முதல் வரிசையில உட்கார்ந்துட்டானே! பாதிரியாரே அவனுக்கு அப்புறம்தான் வந்தாராம்."

ஓர்லாவுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. அது நிலைப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"அப்ப நாம யாருக்காகச் சுத்திக்கிட்டிருக்கோம்?"

மாலக்கி முதல் தடவையாக ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார்.

"அக்கரை ஹோலிஹெட்லேருந்து வர்ற கப்பல் லேட்டாம்," என்றார் அப்பா. "கடல்ல காத்து ஜாஸ்தி."

அந்தக் கடலுக்கு அப்பால் அவர்களுக்கு ஒரே ஒருத்திதான். ஓர்லா பள்ளியில் படிக்கும்போது பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனவள். அவளைக் கல்யாணத்துக்குக் கூப்பிடலாம் என்று டோனல் சொல்லப்போய்த்தான் வியாழக்கிழமை சண்டையே வந்தது.

"நான்தான் வரச் சொன்னேன்," என்றார் அப்பா. "விட்டுட்டுப் போனது என்னைத்தானே? எனக்கே கோபம் இல்ல. உனக்கு எதுக்கும்மா?"

ஓர்லா கடல் பக்கம் திரும்பினாள். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட இரண்டு மின்நிலையப் புகைபோக்கிகளுக்குப் பின்னாலிருந்து, அவசரமே இல்லாமல், ஒரு கப்பல் வந்துகொண்டிருந்தது.

அவள் முன்பக்கம் குனிந்தாள்.

"மாலக்கி மாமா, துறைமுகத்துக்கு விடுங்க."

"பாதிரியார் கத்துவாரேம்மா."

"கத்தட்டும். டோனல்கிட்ட நான் சொல்லிக்கிறேன். அப்பா, நீங்க முன்னாடி போங்க. அம்மா என் பக்கத்துல உட்காரட்டும்."

கார் நின்றது. அப்பா இறங்கிப்போய் முன் இருக்கையில் உட்கார்ந்தார்.

அன்று காலை ஓர்லா எத்தனையோ தடவை கெஞ்சியும் தலை வாராமலே கிளம்பி வந்த மனிதர், இப்போது மாலக்கியிடம் மெல்லக் கையை நீட்டினார்.

"சீப்பு வச்சிருக்கியாடா?"