இருவர் கூடாரம்

பதினான்கு பனிக்காலமாக, உறைந்த ஏரியில் மீன்பிடிக்கத் தனியே போய் வந்த தயாபரன், இந்த முறை புதுக் கூடாரம் தேர்ந்தெடுக்க மனைவியையும் கடைக்கு அழைத்து வந்திருந்தான். தன்னையும் கூட்டிப் போகத்தான் என்று சுகிர்தா நினைத்தாள். அவன் ஒருவருக்கான கூடாரத்தைத் தாண்டிப் போய், இருவருக்கானதை விரித்து நிறுத்தினான்.

"உள்ள போய் இரும்."

அவன் உள்ளே வைத்த முக்காலியில் அவள் அமர்ந்தாள். கூடாரத்துக்கு அடித்துணி இல்லை. காலடியில் கடையின் வெள்ளைத் தரை தெரிந்தது.

"அந்த இடத்திலதான் ஐஸில ஓட்டை போட்டுத் தூண்டில் விடுறது. காலை நீட்டும். முட்டுதே?"

"முட்டேல்லை. குளிருமேப்பா?"

"ஹீட்டர் வைக்கலாம். தலை இடிக்குதே?"

அவன் இத்தனை கேள்வி கேட்டு எவ்வளவு காலமாயிற்று. "இல்லை" என்றாள். பெட்டிக்குள் கிடக்கும் கம்பளிக் காலுறைகளை எடுத்துத் துவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்ப குலேந்திரனுக்கு இடம் காணும். இந்தமுறை அவனும் வாறான். அவனும் உம்மட உயரம்தானே."

சுகிர்தா உள்ளேயிருந்தபடி ஜிப்பை மெல்ல இழுத்து மூடினாள்.

"வெளியால வாருமப்பா, மடிக்கோணும்."

துளை விழப்போகும் இடத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.