புகை வந்துச்சா?

"மலையில புகை வந்துச்சா?" என்று போனில் கேட்டான் கணவன்.

எரிமலைக் கண்காணிப்பு நிலையத்தில் இருந்த அவள், கேமராத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூணு நாளா இல்லை."

"அப்புறமென்ன? சைரன் ஊதும்னு தெருவே கார்ல காத்துக் கிடக்கு. அம்மாவுக்குக் கால் வீங்கிப்போச்சு. வீட்டுக்குள்ள போறோம்."

"உங்க கால்ல விழறேன், இறங்காதீங்க!"

அதற்குள் மாமியாரின் அலறல் கேட்டது. "ஐயோ, புகை! வண்டியை எடுடா!"

அவளும் பார்த்தாள். உச்சியிலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. பக்கத்துத் திரையில், மலைக்குள் இருக்கும் அழுத்தத்தைக் காட்டும் கோடு மளமளவென்று இறங்கியது. அது அடிமட்டத்துக்கு வரும்வரை பார்த்திருந்துவிட்டு, நாற்காலியில் பொத்தென்று சாய்ந்தாள்.

"அப்பாடா! போனை அத்தைகிட்ட குடுங்க... அத்தை, இனி பயமில்லை. வீட்டுக்குப் போங்க."

"புகை வருதேம்மா!"

"வரணும் அத்தை. கடலுக்கு அடியில இருக்கிற பாறைத் தட்டு நம்ம நிலத்துக்குக் கீழே இறங்கும்போது தண்ணியையும் சேர்த்து இழுத்துட்டுப் போகுது. அந்தத் தண்ணியாலதான் ஆழத்துல பாறை உருகி மேல வருது, கூடவே ஆவியும். மூணு நாளா மலையோட வாய் அடைச்சு, அந்த ஆவி உள்ளேயே சேர்ந்துக்கிட்டிருந்துச்சு. இன்னும் அடைச்சே இருந்திருந்தா மலையே வெடிச்சிருக்கும்."

மாமியார் கார் கதவைத் திறந்து இறங்கும் சத்தம் கேட்டது.

"மூணு நாளா இதை நெஞ்சுல வச்சுக்கிட்டா உக்காந்திருந்தே? முதல்ல ஏதாவது சாப்பிடுடி."